வினைல் சைடிங் போட்ட மாடி அறை: ஜன்னலைச் சுற்றி மோல்டிங் அடிப்பது எப்படி?

ஹொரமாவு மாடிவீடு | ஜனவரி 11, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூர் ஹொரமாவில் எங்கள் வீடு 1994-ல் அப்பா கட்டியது, தரைத்தளம் மட்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் மேலே ஒரு அறை எடுக்கலாம் என்றபோது, பார்க்க வந்த பொறியாளர் செங்கல் சுமையை இந்த அஸ்திவாரம் தாங்காது என்று சொல்லிவிட்டார். அதனால் இரும்புச் சட்டம் நிறுத்தி, சிமென்ட் போர்டு அடித்து, அதன் மேல் நீர்த்தடுப்புத் துணி சுற்றி, வெளியே வினைல் சைடிங் (சுவரை மூட வரிசையாக மாட்டும் பி.வி.சி. பேனல்கள்) போட்டோம். இளம் சாம்பல் நிறம். அறை நன்றாகத்தான் இருக்கிறது.

குறை ஒன்றுதான். நான்கு ஜன்னல்களும் மொட்டையாக நிற்கின்றன. சைடிங் வந்து ஜன்னலில் முட்டும் இடத்தில் மெல்லிசாக ஒரு ஜே சேனல் (பேனல் முனை சொருகும், ஜே எழுத்து வடிவப் பட்டை), அவ்வளவுதான். அம்மா கீழே நின்று பார்க்கும்போதெல்லாம் "கண்ணுக்கு மை வைக்காத மாதிரி இருக்குடா" என்கிறார். அவருக்காகவே செய்ய நினைக்கிறேன். ஜன்னலைச் சுற்றி நாலு இன்ச் அகலத்தில் மோல்டிங், அதாவது அலங்காரச் சட்டம், அப்புறம் கீழ்த்தளமும் மாடியும் சேரும் இடத்தில் தெருப்பக்கம் முழுக்க ஒரு பட்டை.

வந்து பார்த்த மேஸ்திரி, சைடிங் மேலேயே மோல்டிங்கை வைத்து நீள ஸ்க்ரூ அடித்துவிடலாம், அரை நாள் வேலை என்கிறார். இன்னொருவர் பசை போட்டு ஒட்டச் சொல்கிறார். சைடிங்கை விரலால் தட்டினால் உள்ளே காலியாகச் சத்தம் கேட்கிறது. அதன் மேல் ஸ்க்ரூவை முறுக்கினால் நசுங்காதா? இங்கே யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.


லிங்கராஜபுரம் பெயின்டர் | ஜனவரி 11, இரவு 10:15

ஒட்டிவிடுங்கள் சார். பி.யு. (பாலியூரித்தேன்) பசை இப்போது நல்லதாகவே கிடைக்கிறது. என் வீட்டு முகப்பில் தெர்மகோல் மோல்டிங் ஒட்டி ஐந்து வருடம் ஆகிறது, ஒரு விரிசல் இல்லை. சுற்றி சிலிகான் போட்டு அடைத்தால் தண்ணீரும் போகாது.


ஆசாரி மகன், டி.சி. பாளையா | ஜனவரி 12, காலை 6:50

பெயின்டர் அண்ணன் சொல்வது பூசிய சுவருக்குச் சரி. சைடிங்குக்குச் சரிவராது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் நியூ ஜெர்சியில் எட்டு வருடம் சைடிங் போடும் குழுவில் வேலை பார்த்தவன். அங்கே 1950களின் கடைசியிலேயே வந்துவிட்ட பொருள் இது. தெருத் தெருவாக இதே வீடுகள்தான்.

தம்பி, முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் சைடிங் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை. கொடியில் போட்ட புடவை மாதிரி தொங்குகிறது. ஒவ்வொரு பேனலின் மேல் ஓரத்திலும் நீளவாக்கில் வரிசையாகத் துளைகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு இன்ச் நீளம். ஆணியோ ஸ்க்ரூவோ அந்தத் துளையின் நட்டநடுவில் இறங்க வேண்டும். இறங்கிய பிறகும் அதன் தலை பேனலை அழுத்தக் கூடாது. ஒரு பழைய ஏ.டி.எம். அட்டை நுழைகிற அளவு இடைவெளி விட வேண்டும். அட்டையின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர், அங்கே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கும் இன்ச்சில் 32-ல் ஒரு பங்கு, இரண்டும் ஒன்றுதான். பேனலின் கீழ் ஓரத்தில் ஒரு கொக்கி. அது கீழ்ப் பேனலின் உதட்டில் மாட்டிக்கொள்ளும். இரண்டு முனைகளும் ஜே சேனலுக்குள் சொருகி நிற்கும். அங்கேயும் ரெண்டு நூல் இடைவெளி, அதாவது கால் இன்ச். நல்ல குளிரில் போட்டால் மூன்று நூல்.

இவ்வளவு இடைவெளியும் எதற்கு? வெயிலில் பேனல் நீளும், ராத்திரி சுருங்கும். பன்னிரண்டடிப் பேனல் அரை இன்ச் வரை நகரும். அது நகர்கிற பாதையில் நீங்கள் மோல்டிங்கை வைத்து நாலு ஸ்க்ரூ முறுக்கினால் பேனலின் காலைக் கட்டிப்போட்ட மாதிரி. நீள இடம் இல்லாமல் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அலை அலையாக வெளியே வரும். காலையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மத்தியானம் இரண்டு மணிக்குச் சாய்வாக நின்று பாருங்கள், தெரியும்.

ஒட்டினாலும் இதே கதைதான். பசை பேனலைப் பிடிக்கும், பேனலோ தொங்குகிறது. மோல்டிங்கின் எடை முழுக்க அந்த ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மேல்தான் விழும்.

சரியான முறை: மோல்டிங் வருகிற இடத்தில் சைடிங்கை வெட்டி எடுத்துவிட்டு, மோல்டிங்கைச் சுவரில், உங்களுக்கு அந்த இரும்புச் சட்டத்தில், நேராக முறுக்க வேண்டும். பிறகு மோல்டிங்கின் வெளி ஓரத்தைச் சுற்றிப் புதிதாக ஜே சேனல் அடித்து, வெட்டிய பேனல் முனைகளை அதற்குள் விட வேண்டும். அரை நாள் வேலை இல்லை. ஒரு ஜன்னலுக்கு முழுதாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.


ஓசூர் ரோடு பொறியாளர் | ஜனவரி 12, காலை 8:20

ஆசாரி மகன் சொன்னதற்குக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பி.வி.சி. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி சூட்டில் சுமார் 0.06 மில்லிமீட்டர் நீளும். சிமென்ட் பூச்சு அதில் ஆறில் ஒரு பங்குதான், ஏறத்தாழ 0.01. பெயின்டர் சாரின் மோல்டிங் விரிசல் விடாமல் இருப்பதற்குச் சுவர் அசையாததே காரணம்.

பெங்களூரில் என்ன பெரிய வெயில் என்று நினைக்க வேண்டாம். 2016 ஏப்ரலில் இங்கே 39.2 டிகிரி போனது. அது நிழலில் எடுக்கும் அளவு. மேற்குப் பார்த்த சுவரில் சைடிங்கின் தோல் அதைவிட எவ்வளவோ அதிகம் சுடும். ஜனவரி விடியலில் 15 டிகிரி. ஆக 40 டிகிரி வித்தியாசம் என்று குறைவாகவே வைத்தாலும், 3.66 மீட்டர் பேனல் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் நீளும். அதாவது மூன்று நூல். எந்தப் பசையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது.


காக்ஸ் டவுன் வாசி | ஜனவரி 12, மாலை 4:05

நான் இதில் அடிபட்டவள், அதனால் எழுதுகிறேன். எங்கள் மாடி அறையும் இதே மாதிரி சைடிங் போட்டதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஒப்பந்தக்காரர் ஜன்னல்களைச் சுற்றிச் சைடிங் மேலேயே மரப்பட்டை வைத்து ஸ்க்ரூ அடித்தார். நாலு பக்கமும் கொஞ்சமும் இடம் விடாமல் சிலிகான். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது, அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்டார்கள்.

அந்த வருடம் செப்டம்பர் மழை உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். ஒரு ராத்திரி பெய்தது. காலையில் என் மகள் படிக்கும் மேசைக்கு நேர் மேலே, ஜன்னலின் கீழ் மூலையில், உள்ளங்கை அளவுக்கு டீக்கறை மாதிரி ஒரு வட்டம். துடைத்துவிட்டோம். அடுத்த மழையில் அது முழங்கை நீளம் ஆனது. அறைக்குள் நுழைந்தாலே நனைந்த சாக்கு வாடை.

வேறு ஆள் வைத்துப் பிரித்தோம். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்குக் கீழேயும் துணியில் துரு நீளமாக ஒழுகியிருந்தது, குங்குமம் கரைந்த மாதிரி. ஜன்னலின் கீழே போர்டு கறுத்து, நகத்தால் கீறினால் மாவாக வந்தது. மரப்பட்டையின் பின்பக்கம் பூஞ்சை. முன்பக்கம் பெயின்ட் அப்போதும் புதிதாகவே இருந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

வந்த ஆள் ஒன்று சொன்னார். சைடிங் மழையைத் தடுக்கும் சுவர் இல்லை அம்மா, அது குடை. குடைக்குள்ளும் கொஞ்சம் சாரல் வரும். வந்த தண்ணீர் துணியின் மேல் வழிந்து கீழே போய், பேனலின் அடியில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாக வெளியேற வேண்டும். சிலிகான் போட்டு வழியை அடைத்தால் தண்ணீர் எங்கே போகும்?

தயவுசெய்து சைடிங் மேல் ஸ்க்ரூ அடிக்காதீர்கள்.


லிங்கராஜபுரம் பெயின்டர் | ஜனவரி 12, இரவு 8:30

மேடம் எழுதியதைப் படித்தேன். நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். சைடிங் போட்ட வீடு என் கைக்கு வந்ததில்லை. ஒரு சந்தேகம் மட்டும்: சிலிகானே கூடாதா? ஜன்னலுக்கும் மோல்டிங்குக்கும் நடுவில் உள்ள இடுக்கை எதைக் கொண்டு அடைப்பது?


ஆசாரி மகன், டி.சி. பாளையா | ஜனவரி 12, இரவு 9:45

நல்ல கேள்வி அண்ணா. ஜன்னல் சட்டத்துக்கும் மோல்டிங்குக்கும் நடுவே இரண்டு பக்கமும் அடைக்கலாம். அடிப்பக்கம் மட்டும் அடைக்கவே கூடாது, உள்ளே வந்த நீர் அந்த வழியாகத்தான் வெளியேறும். ஜே சேனலுக்குள் பேனல் சொருகும் இடத்தில் ஒரு சொட்டுகூடப் போடக் கூடாது. அப்புறம் சிலிகான் மேல் பெயின்ட் நிற்காது, அது உங்களுக்கே தெரியும். பி.யு. சீலன்ட்டோ எம்.எஸ். பாலிமரோ வாங்கச் சொல்லுங்கள், அதன் மேல் அடிக்கலாம்.


ஹொரமாவு மாடிவீடு | ஜனவரி 14, காலை 10:30

காக்ஸ் டவுன் அக்காவுக்கு நன்றி. அதைப் படித்த பிறகு மேஸ்திரிக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பொருள் விஷயத்தில் குழப்பம். கடைக்காரர்கள் காட்டியவை: தெர்மகோல் மேல் பூச்சுப் போட்டது, ஜி.ஆர்.சி. (கண்ணாடி இழை கலந்த காங்கிரீட்), தேக்கு, டபிள்யூ.பி.சி. போர்டு (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது), பி.வி.சி. ஃபோம் போர்டு. எது நல்லது?


ஓசூர் ரோடு பொறியாளர் | ஜனவரி 14, மதியம் 1:10

ஜி.ஆர்.சி.யை விட்டுவிடுங்கள். ஒரு கன மீட்டர் 2,000 கிலோ அளவுக்கு வரும் பொருள் அது. நாலு இன்ச் அகலம், 18 மி.மீ. கனம், மூன்று மீட்டர் நீளத் துண்டு ஒன்று பத்துப் பதினொரு கிலோ கனக்கும். அதே அளவு ஃபோம் போர்டு மூன்று கிலோதான். சுமை தாங்காது என்றுதானே செங்கல்லை விட்டு இந்த அறைக்கு வந்தீர்கள்.

தெர்மகோலுக்குப் பின்னால் பூசிய சுவர் வேண்டும். சால்வன்ட் கலந்த பசை பட்டால் தெர்மகோல் கரைந்தே போகும், அதையும் கவனியுங்கள்.

தேக்கு நல்ல பொருள்தான். ஆனால் ஆறு முகத்திலும், வெட்டிய முனையிலும்கூட, பிரைமர் அடித்த பிறகே மாட்ட வேண்டும். முன்பக்கம் மட்டும் அடித்தால் அக்கா வீட்டு மரப்பட்டையின் கதிதான்.

என் வாக்கு பி.வி.சி. ஃபோம் போர்டுக்கு. ஒரே எச்சரிக்கை: இங்கே கிடைப்பதில் பெரும்பகுதி மாடுலர் கிச்சனுக்காகச் செய்தது. வெயிலைத் தாங்கும் கலவை அதில் இருக்காது, சீக்கிரமே மஞ்சளாகி மாவு மாதிரி உதிரும். வெளிப்புறத்துக்கான தரம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் மேலே நல்ல வெளிப்புறப் பெயின்ட் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். நிறம் வெளிர் நிறமாகவே இருக்கட்டும். கறுப்பும் காப்பிக்கொட்டை நிறமும் இப்போது எல்லோருக்கும் பிடிக்கிறது, ஆனால் வெயிலில் போர்டு வளையும்.


ஆசாரி மகன், டி.சி. பாளையா | ஜனவரி 14, இரவு 7:00

பொறியாளர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 18 மி.மீ. போர்டு வாங்க வேண்டாம். ஜே சேனலின் வாயே முக்கால் இன்ச், அதாவது 19 மி.மீ. இருக்கும். 18 மி.மீ. மோல்டிங் அதற்குள் முங்கிப் போய்விடும். ஜன்னலைச் சுற்றிப் பள்ளம் விழுந்த மாதிரி தெரியும். 25 மி.மீ. வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 18-க்குப் பின்னால் அதே போர்டில் எட்டு மில்லிமீட்டர்ப் பட்டையை நிற்கவைத்து, அதாவது செங்குத்தாக வைத்து, முறுக்கலாம். படுக்கை வசத்தில் வைத்தால் தண்ணீர் அதன் மேல் தங்கும்.

பேனலைக் கழற்ற ஒரு கருவி வேண்டும். அங்கே ஜிப் டூல் என்போம். கைப்பிடி வைத்த ஒரு தகடு, நுனியில் சின்ன வளைவு. மேல் பேனலின் அடி ஓரத்துக்குள் அதை நுழைத்து, கொக்கியின் உதட்டைப் பிடித்துக் கீழே இழுத்தபடி பக்கவாட்டில் ஓட்டினால், பை ஜிப் திறப்பது போலக் கழன்றுகொண்டே வரும். வெயில் ஏறிய பிறகு, பத்துப் பத்தரை மணிக்குச் செய்யுங்கள். விடியலில் பேனல் விறைப்பாக இருக்கும், உதடு உடையலாம்.

வெட்டுவதை மேலேயே செய்ய வேண்டாம். கத்தி துணியைக் கிழித்துவிடும். கழற்றிக் கீழே கொண்டுவந்து, நெடுக்கு வெட்டுக்குக் கத்தியால் கீறி முன்னும் பின்னும் மடக்குங்கள், அப்பளம் மாதிரி நேராக உடையும். குறுக்கு வெட்டுக்குத் தகரக் கத்திரி போதும். கத்திரியை முழுக்க மூடாமல் முக்கால்வாசி மூடி மூடி வெட்டினால் விளிம்பு பிசிறாது.


ஹொரமாவு மாடிவீடு | பிப்ரவரி 2, மாலை 6:20

வேலை தொடங்கிவிட்டது. எஸ்.பி. ரோட்டில் ஒரு பகல் முழுக்க அலைந்தும் ஜிப் டூல் கிடைக்கவில்லை. ஆசாரி அண்ணன் வரைந்து அனுப்பிய படத்தைக் காட்டி, ராமமூர்த்தி நகரில் ஒரு வெல்டிங் கடையில் ஸ்டெயின்லெஸ் பட்டையில் செய்து வாங்கினேன். நுனியை இரண்டு முறை அரம் போட்டுத் தேய்த்த பிறகு சரியாக உட்கார்ந்தது.

முதல் ஜன்னலின் பேனலைக் கழற்றியதும் ஒன்று தெரிந்தது. போட்டவர்கள் எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கி முறுக்கியிருக்கிறார்கள். சில இடத்தில் துளையின் நடுவில்கூட இல்லை, ஓரத்தில். கையால் பேனலை இடமும் வலமும் தள்ளிப் பார்த்தேன், அசையவே இல்லை. மேற்குச் சுவர் மத்தியானத்தில் நெளிவதை இதுவரை சுவரின் குறை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.


ஆசாரி மகன், டி.சி. பாளையா | பிப்ரவரி 2, இரவு 8:15

இதை முதலில் கேட்காமல் விட்டது என் தவறு. மேற்குச் சுவர் முழுக்கக் கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரிசையையும் ஜிப் டூலால் திறந்து, ஸ்க்ரூவை ஏ.டி.எம். அட்டை நுழையும் வரை தளர்த்துங்கள். ஓரத்தில் இருப்பதைப் பிடுங்கி நடுவில் போடுங்கள். பழைய துளையைத் துணியில் டேப் ஒட்டி மூடுங்கள். வேலை முடிந்ததும் பேனலைக் கையால் தள்ளிப் பாருங்கள், இரண்டு பக்கமும் கொஞ்சம் ஓட வேண்டும். கடையில் அலமாரிக் கண்ணாடிக் கதவு ஓடுமே, அந்த மாதிரி.


ஒயிட்ஃபீல்டு குடும்பம் | பிப்ரவரி 3, காலை 7:40

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் கிழக்குச் சுவரில் நடுவில் மட்டும் இரண்டு பேனல் உருகின மாதிரி வளைந்திருக்கிறது. பேனல்களைத் தள்ளிப் பார்த்தேன், நன்றாக ஓடுகின்றன. எதிர் வீட்டில் போன வருடம்தான் புது ஜன்னல் போட்டார்கள், அதற்குப் பிறகுதான் இது. சம்பந்தம் உண்டா?


ஓசூர் ரோடு பொறியாளர் | பிப்ரவரி 3, காலை 9:00

உண்டு. எதிர் வீட்டில் சூட்டைத் திருப்பி அனுப்பும் பூச்சுப் போட்ட இரட்டைக் கண்ணாடியாக இருக்கும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் உள்ள காற்று சுருங்கும்போது கண்ணாடி லேசாகக் குழியும். குழிந்த கண்ணாடி வெயிலைக் குவித்து உங்கள் சுவரில் ஓர் இடத்தில் அடிக்கும். வினைல் சுமார் 70 டிகிரியைத் தாண்டினால் தளர ஆரம்பிக்கும். எந்த நேரத்தில் சுவரில் பளீரென்று ஒளித்திட்டு விழுகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். எதிர் வீட்டாரிடம் பேசி ஜன்னலின் வெளிப்பக்கம் வலைத்திரை மாட்டச் சொல்லலாம், அது போதும். அதுவரை புதுப் பேனல் வாங்கிப் போட வேண்டாம், அதுவும் வளையும்.


ஹொரமாவு மாடிவீடு | பிப்ரவரி 9, இரவு 9:10

மேற்குச் சுவர் முடிந்தது. இரண்டு ஞாயிறு போனது. இப்போது ஜன்னலின் மேல் பக்கத்தில் நிற்கிறேன். மோல்டிங் மேல் விழும் தண்ணீர் பின்னால் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?


ஆசாரி மகன், டி.சி. பாளையா | பிப்ரவரி 10, காலை 6:30

இந்த வேலையின் உயிரே அந்த இடம்தான் தம்பி. பொறுமையாகச் செய்யுங்கள்.

மேல் மோல்டிங்கின் தலையில் ஒரு தகரப் பட்டை வர வேண்டும். பெயின்ட் அடித்த அலுமினியம் போதும். அதை இசட் எழுத்து மாதிரி வளைக்கச் சொல்லுங்கள்: ஒரு மடிப்பு சுவரை ஒட்டி இரண்டு மூன்று இன்ச் மேலே ஏற வேண்டும், நடு மடிப்பு மோல்டிங்கின் தலை மேல் வெளிப்பக்கம் சாய்ந்து உட்கார வேண்டும், கடைசி மடிப்பு முன்னால் ரெண்டு நூல் கீழே இறங்க வேண்டும். மேலே ஏறும் மடிப்பு நீர்த்தடுப்புத் துணிக்குப் பின்னால் போக வேண்டும். துணியைக் கீறித் தூக்கி, தகரத்தை உள்ளே விட்டு, துணியை அதன் மேல் இறக்கி, கீறின இடத்துக்கு மட்டும் டேப். துணிக்கு முன்னால் தகரத்தை வைத்தால், துணியின் மேல் வழிந்து வரும் நீர் நேராகத் தகரத்துக்குப் பின்னால் இறங்கும். ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறித்தானே உட்காரும்? அதே கணக்கு.

தகரம் இரண்டு பக்கமும் மோல்டிங்கைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். மேல் ஜே சேனலையும் இரண்டு பக்கமும் நீளமாக வெட்டி, அடித்தகட்டைக் காது மாதிரி கீழே மடித்து, பக்கத்து ஜே சேனலுக்குள் இறக்கிவிடுங்கள். மேல் சேனலில் சேரும் தண்ணீர் அந்தக் காது வழியாகப் பக்கத்துச் சேனலுக்குள் விழுந்து கீழே போகும். இந்தக் காதை மடிக்காமல் மூலையில் வெட்டி முட்டவைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். ஜன்னலின் கீழ் மூலையில் கறை வருவதற்குப் பாதி நேரம் காரணம் மேல் மூலைதான்.

கீழ் மோல்டிங்குக்கு அடியில் ஒரு காடி எடுங்கள், முன் விளிம்பிலிருந்து அரை இன்ச் தள்ளி. தண்ணீர் உள்நோக்கி ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும்.

ஜன்னலுக்குக் கீழே வரும் பேனலின் மேல் ஓரத்தை வெட்டியிருப்பீர்கள், ஆணித் துளை போயிருக்கும். அங்கே வெறும் ஜே சேனல் பிடிக்காது. அண்டர்சில் டிரிம் என்று ஒன்று உண்டு, அதைப் போட்டு, பேனலின் ஓரத்தில் ஆறு இன்ச்சுக்கு ஒன்றாக வெளிப்பக்கம் புடைக்கும்படி சின்ன மடிப்புகள் எடுத்து உள்ளே தள்ளினால் பற்றிக்கொள்ளும்.

மூலைகளை 45 டிகிரியில் சேர்க்கும்போது, பைப்புக்குப் போடும் சால்வன்ட் சிமென்ட் தடவிச் சேருங்கள். நான்கு துண்டும் ஒரே சட்டமாகிவிடும், பின்னால் மூலை பிளக்காது. ஸ்க்ரூ துருப்பிடிக்காததாக இருக்கட்டும், 16 இன்ச்சுக்கு ஒரு ஜோடி.


ஓசூர் ரோடு பொறியாளர் | பிப்ரவரி 10, காலை 10:45

தெருப்பக்கப் பட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைச் சைடிங்கோடு சேர்க்கவே வேண்டாம். சைடிங்கின் முதல் வரிசை உட்காரும் ஸ்டார்ட்டர் பட்டைக்குக் கீழே, காங்கிரீட் தளத்தின் விளிம்பில் ஆங்கர் போட்டு மாட்டுங்கள். தலையில் அதே மாதிரி சாய்ந்த தகரம். தகரத்துக்கும் சைடிங்கின் அடி ஓரத்துக்கும் நடுவில் ரெண்டு நூல் திறந்திருக்க வேண்டும், சுவரின் மொத்தத் தண்ணீரும் அங்கேதான் வெளியே வரும். அந்த இடுக்கில் குளவி கூடு கட்டும் என்று பயந்து அடைக்காதீர்கள்.

காற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி பெங்களூருக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 33 மீட்டர், சென்னைக்கு 50. இரண்டடிக்கு ஒரு ஆங்கர் இங்கே தாராளம். பட்டை நீளமாக இருப்பதால் எட்டடிக்கு ஒரு இணைப்பு விட்டு, அங்கே ஒரு நூல் இடைவெளி கொடுங்கள். அந்த இடத்தை மட்டும் பி.யு. சீலன்ட்டால் நிரப்பலாம்.


ஹொரமாவு மாடிவீடு | மார்ச் 8, இரவு 8:00

நான்கு ஜன்னலும் பட்டையும் முடிந்தன. நானும் என் மைத்துனரும் ஒரு ஆசாரியும் சேர்ந்து ஆறு ஞாயிறு. முதல் ஜன்னலுக்கு ஒன்றரை நாள் ஆனது, கடைசி ஜன்னல் மதியம் மூன்று மணிக்குள் முடிந்தது. மேல் ஜே சேனலின் காதை முதல் தடவை தப்பாக வெட்டி ஒரு சேனல் வீணானது. மிச்சமிருந்த சேனல் கைகொடுத்தது.

மோல்டிங்குக்கு வெண்ணெய் நிறம் அடித்தோம். லிங்கராஜபுரம் அண்ணன் சனிக்கிழமை தானாகவே வந்து இரண்டாவது கோட் அடித்துக் கொடுத்தார், கூலி வாங்க மறுத்துவிட்டார். அண்ணா, இதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மா சாயங்காலம் கேட்டுக்கு வெளியே போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்பதான் கண்ணு தெரியுது" என்றார்.


காக்ஸ் டவுன் வாசி | மார்ச் 8, இரவு 9:20

மனசு நிறைந்தது. மழை வந்த பிறகு கட்டாயம் எழுதுங்கள். அதுதான் பரீட்சை.


ஹொரமாவு மாடிவீடு | ஏப்ரல் 27, காலை 7:15

அக்கா, நேற்று ராத்திரி வந்துவிட்டது. காற்றோடு ஆலங்கட்டி மழை, முக்கால் மணி நேரம். மேற்குப் பக்கம்தான் அடித்தது. மழை நடுவிலேயே டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே நான்கு ஜன்னல் மூலைகளையும் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தன. வெளியே பட்டைக்கு மேலே உள்ள இடுக்கிலிருந்து தண்ணீர் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. முன்பு அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. போன வாரம் நல்ல வெயில் நாளில் மேற்குச் சுவரின் நீளமான பேனல் ஒன்றில், ஜே சேனலின் விளிம்பு வரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். காலை ஆறு மணிக்கு ஒரு கோடு, மூன்று மணிக்கு ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் நாலு மில்லிமீட்டர். அந்தப் பக்கமும் அதே அளவு நகர்ந்திருந்தால் மொத்தம் எட்டு. பொறியாளர் சார் ஒன்பது என்றார். சுவர் நெளியவே இல்லை.


ஓசூர் ரோடு பொறியாளர் | ஏப்ரல் 27, காலை 8:30

அருமை. அந்தக் கோடுகளை அழிக்க வேண்டாம். டிசம்பரிலும் ஒரு நாள் அளந்து எழுதுங்கள்.


பானஸ்வாடி புதுவீடு | ஏப்ரல் 29, இரவு 10:05

முழுக்கப் படித்தேன். எங்கள் மாடிக்கும் இதையே செய்யப் போகிறோம், சாரம் கட்டியாகிவிட்டது. அந்த ஜிப் டூல் செய்த வெல்டிங் கடை எங்கே என்று சொல்ல முடியுமா?


ஹொரமாவு மாடிவீடு | ஏப்ரல் 29, இரவு 10:30

கடைக்கெல்லாம் போக வேண்டாம். என்னுடையது சும்மாதான் கிடக்கிறது, தனிச் செய்தியில் நேரம் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொண்டு போங்கள். நுனியை நான் தேய்த்து வைத்திருக்கிறேன், திரும்பத் தேய்க்காதீர்கள். முதலில் பேனலைக் கையால் தள்ளிப் பாருங்கள், ஓடாவிட்டால் மோல்டிங்குக்கு முன்னால் அந்த வேலை இருக்கிறது.